நோட்டீஸில் யாருடைய படம்?



மழைக்காலத்தில் உப்பளப் பாத்திகளில் தண்ணீர் நின்று வேலை இல்லாமல் போகும் குடும்பங்களுக்கு அரிசி, மளிகை கொடுப்பதற்காக நாம் ஒரு நோட்டீஸ் போட்டது நினைவிருக்கலாம். அதன் மேல்பகுதியில் ஒரு பெண்மணி உப்பு வாரும் படம் இருந்தது. கூகுளில் தேடி, முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டது நாம்தான். அச்சகத்தார் மீது குற்றமில்லை. நோட்டீஸைக் கையில் வாங்கிய உப்பளத்துப் பெரியவர் ஒருவர் ஒரு நொடி பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது நம்ம அளம் இல்லியே பாய். பல்லு வச்ச பலகையில நாம எங்க வாருறோம்?”

தேடிப் பார்த்தால் அது குஜராத்தின் கட்ச் பகுதியில் எடுத்த படம். எடுத்தவர் பெயரும் அதற்கான நிபந்தனைகளும் மூலப் பக்கத்தில் தெளிவாக இருந்தன. நாம்தான் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. அதே வாரம் வெளிநாட்டில் வேலை செய்யும் நம் சகோதரர் ஒருவர், “படமே வேற ஊருன்னா அரிசி எந்த ஊருக்குப் போச்சு?” என்று கேட்டார். வரவு செலவுக் கணக்கை முழுவதுமாக அவருக்கு அனுப்பிவைத்தோம். கேள்வியில் நியாயம் இருந்தது. ஸதகா கேட்டு வைக்கும் நோட்டீஸும் அமானத்தில் சேர்ந்ததுதான் என்பதை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தோம். அப்போது படித்துத் தெரிந்துகொண்டதை, நம்மைப் போலவே நோட்டீஸ் போடும் மதரஸா, ஜமாஅத், இளைஞர் சங்கத்தாருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

“நெட்டில் இருக்கிறது, எடுத்துக்கொண்டோம், நல்ல காரியத்துக்குத்தானே” என்று நம்மில் பலர் சொல்கிறோம். மார்க்கத்தில் இதற்கு இடமில்லை. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது, நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை, வணிகப் பெயர் ஆகியவை ஷரீஅத் பாதுகாக்கும் உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. 43-வது தீர்மானம் அது. ஒருவர் வெயிலில் நின்று எடுத்த படமும் அவருடைய உழைப்புதான். அனுமதியின்றி எடுத்தால் அது ஹக்குல் இபாத். தொழுது தீர்க்கிற கடன் அல்ல, அவரிடமே தீர்க்க வேண்டிய கடன்.

நாட்டின் சட்டமும் அப்படித்தான். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு புகைப்படத்துக்கு எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. 52-வது பிரிவில் சில விலக்குகள் இருக்கின்றன: சொந்தப் படிப்பு, விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவை. மார்க்க நிகழ்ச்சிகளுக்கும் ஒரு விலக்கு உண்டு என்று சிலர் சொல்வார்கள். அது பாட்டு, நாடகம் போன்றவற்றை நிகழ்த்துவதற்கானது. நோட்டீஸில் படம் போடுவதற்கு அது பொருந்தாது. தர்ம ஸ்தாபனம் என்பதற்காகத் தனிச்சலுகை எதுவும் இல்லை.

சரி, காசில்லாத டிரஸ்ட் என்ன செய்வது? வழி இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அமைப்பு 2001-ல் தொடங்கப்பட்டது. படம் எடுத்தவரே “இன்ன நிபந்தனையோடு யாரும் பயன்படுத்தலாம்” என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் முறையை அது கொண்டுவந்தது. வீட்டுக்கு வெளியே தண்ணீர்ப் பானை வைத்து, “குடித்துவிட்டுக் குவளையைக் கவிழ்த்து வையுங்கள்” என்று எழுதி வைப்பது போல. பானை இலவசம், குவளையைக் கவிழ்ப்பது நம் பொறுப்பு.

அந்த நிபந்தனைகளைச் சுருக்கெழுத்தில் போடுவார்கள். ‘பை’ என்றால் எடுத்தவர் பெயரைப் போட வேண்டும். ‘எஸ்ஏ’ என்றால் படத்தை மாற்றி நாம் உருவாக்குவதையும் அதே நிபந்தனையில் மற்றவர்க்குத் திறந்துவிட வேண்டும். ‘என்டி’ என்றால் படத்தை மாற்றி வெளியிடக் கூடாது. மேலே எழுத்துப் போட்டு நோட்டீஸ் செய்வதற்கு அது உதவாது. ‘என்சி’ என்றால் வணிகத்துக்குக் கூடாது. நாம் வணிகம் செய்யவில்லைதான். ஆனால் நம் மடலின் கடைசிப் பக்கத்தில் ஜவுளிக்கடை விளம்பரம் வருகிறதே, அப்போது கணக்கு என்ன? இந்தச் சந்தேகத்தோடு ஒரு படத்தைப் போடுவதைவிட அதை விட்டுவிடுவது பேணுதல். ‘சிசி0’ என்று இருந்தால் எடுத்தவர் தன் உரிமையையே விட்டுக்கொடுத்துவிட்டார்.

2004-ல் தொடங்கிய விக்கிமீடியா காமன்ஸைத்தான் நாம் முதலில் பார்க்கச் சொல்வோம். அங்கே ‘என்சி’, ‘என்டி’ நிபந்தனையுள்ள படங்களை ஏற்பதே இல்லை என்பதால் பாதிக் குழப்பம் குறைகிறது. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் அடித்துத் தேடினால் நம் கடற்கரைப் பக்கப் படங்களும் கிடைக்கும். படத்தைத் தொட்டு உள்ளே போனால் எடுத்தவர் பெயர், தேதி, உரிமம் மூன்றும் இருக்கும். படத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் “படம்: இன்னார், விக்கிமீடியா காமன்ஸ், சிசி பை-எஸ்ஏ 4.0” என்று போட வேண்டும். ‘நன்றி: கூகுள்’ என்று போடுவது சரியல்ல. கூகுள் படத்தின் சொந்தக்காரர் அல்ல, வழி காட்டுபவர் மட்டுமே.

அன்ஸ்பிளாஷ், பெக்ஸெல்ஸ், பிக்ஸாபே ஆகிய தளங்களில் பெயர் போடாமலும் பயன்படுத்தலாம். போட்டால் அழகு. அங்கே மேல் வரிசையில் கட்டணப் படங்களும் விளம்பரமாக வரும். படத்தின் குறுக்கே எழுத்து இருந்தால் அது விலைக்கானது. அந்த எழுத்தை அழித்துத் தருகிறேன் என்று தம்பிமார் யாராவது முன்வந்தால், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்னொன்று: இந்தத் தளங்கள் தருவது எடுத்தவரின் அனுமதியை மட்டும்தான். படத்தில் இருப்பவர் தம் முகம் ‘ஏழை’ என்ற தலைப்பின் கீழ் வருவதற்குச் சம்மதித்தார் என்பதற்கு அதில் உத்தரவாதம் கிடையாது.

அந்தத் தளங்களில் ‘ரமலான்’ என்று தேடினால் அரபு நாட்டு விளக்கும் பேரீச்சம்பழமும் வந்து குவிகின்றன. நம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி அண்டாவைக் காணோம்! நம் ஊர் விஷயத்துக்கு நம் ஊர்ப் படம்தான் சரி. அதை நாமே எடுக்க வேண்டியதுதான்.

அதிலும் ஒரு மஸ்அலா உண்டு. காசு கொடுத்து ஒருவரை எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, படத்தின் உரிமை காசு கொடுத்தவருக்கு என்கிறது சட்டத்தின் 17-வது பிரிவு. காசு வாங்காமல் அன்பாக எடுத்துக்கொடுத்த சகோதரரின் படமோ அவருக்கே சொந்தம். இலவசமாகச் செய்தவரிடம்தான் எழுதி வாங்க வேண்டும் என்பது முதலில் நமக்கே விசித்திரமாகப் பட்டது.

உதவி வாங்குபவரின் முகத்தை இனி நம் மடலில் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அல்பகரா அத்தியாயத்தின் 264-வது வசனத்தையும் 271-வது வசனத்தையும் எடுத்துப் பாருங்கள். ஒன்று கொடுத்ததைச் சொல்லிக்காட்டி நோகடிப்பதைப் பற்றியது, மற்றொன்று மறைவாகக் கொடுப்பதைப் பற்றியது. தையல் மெஷின் வாங்கிய சகோதரியின் மகள் பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைப் பார்த்தால் எப்படியிருக்கும் என்பதே நமக்குப் போதுமான காரணம். உருவப்படம் கூடுமா கூடாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது வேறு விஷயம். முகம் இல்லாத படம் அந்தப் பேச்சுக்கும் இடம் வைக்காது. உப்புக் குவியல், தார்ப்பாய், வாருபலகை, மெஷினின் சக்கரம், பிள்ளைகளின் புத்தகப் பை, கஞ்சி அண்டா, மழைக்குப் பிறகு நீர் நிற்கும் பாத்தி: எவ்வளவோ இருக்கின்றன.

ஆகவே போனில் நல்ல படம் எடுக்கும் பிள்ளைகள் அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி அச்சில் மங்கும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். எங்கே, என்று எடுத்தது, யாருடைய அளம், அவரிடம் கேட்டீர்களா என்பதையும் எழுதுங்கள். “டிரஸ்ட் இதைப் பயன்படுத்தலாம்” என்று ஒரு வரியும் சேருங்கள். உங்கள் பெயரைப் படத்தின் கீழே போடுவோம், இன்ஷா அல்லாஹ். அந்தப் பெரியவரிடமும் பேசியிருக்கிறோம். உப்பு வாரும் நாளில் வந்தால் பலகையைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். விடியற்காலையில் வர வேண்டுமாம், வெயில் ஏறிவிட்டால் கண் கூசி ஒன்றும் விளங்காதாம்.