முகநூலும் மலைநாட்டு மக்களுறவும்

மாணாக்கர் கையிலுள்ள கைப்பேசியைக் குறித்துப் பேசுவோருள் ஒருசாரார் அதனை நஞ்சென்பர். மற்றொருசாரார் அஃதின்றி வாழ்வில்லை யென்பர். பதுளைப் பகுதித் தோட்டப் பாடசாலைகளிலே முப்பதாண்டு கற்பித்த யாம் இவ்வழக்கில் நுழையாது, கண்டவற்றையே ஈண்டு எழுதப் புகுந்தேம்.

மலைநாட்டுத் தமிழர் உறவு பிரிந்து வாழப் பழகியவர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. ஒரே லயத்திற் பிறந்த உடன்பிறந்தாருள் ஒருவர் பசறையிலும் மற்றொருவர் நீலகிரியிலும் ஆயினர். தலைமன்னார் நோக்கிச் சென்ற புகைவண்டி, வழியனுப்பினோர் அழுகையால், ஒப்பாரிக்கோச்சி யென்றே பெயர்பெற்றது. 1984இற் கப்பலும் நின்றது. முகவரி மாறிய வீடுகளுக்குக் கடிதமும் சென்றிலது.

அற்ற அவ்வுறவு சில முகநூலாலே மீளத் தளிர்த்தன. எம் பாடசாலைக்கு அணித்தாயுள்ள லயத்தில் ஒரு மூதாட்டியார் இருந்தார். அவர் பேரன் பழைய தோட்டத்தின் பெயரையும் டிவிசனின் பெயரையும் இட்டுத் தேடி, கூடலூரிலே அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்த அவர் தம்பியாரின் குடும்பத்தைக் கண்டுபிடித்தான். நாற்பதாண்டின்பின் தம்பியின் முகத்தைத் திரையிற் கண்ட அம்மூதாட்டியார் முதலிற் கேட்டது, “என்னா தம்பி, பல்லெல்லாம் போச்சா?” என்பதே. இருவரும் நகைத்தனர், பின்னரே அழுதனர்.

2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் நாள், நாட்கூலி ஆயிரம் ரூபா வேண்டுமெனக் கொழும்பு காலிமுகத்திடலிற் கறுப்புடை தரித்துத் திரண்ட மலைநாட்டு இளைஞரையும் கூட்டியது முகநூல் அழைப்பே. கடைகளிற் சிதறி வேலைசெய்த அப்பிள்ளைகள் தம்மை ஒரு கூட்டத்தாராக அன்று கண்டனர்.

அவ்வாண்டே அதன் தீமையும் வெளிப்பட்டது. பெப்ரவரியில் அம்பாறையில் ஓர் உணவுச்சாலையார் உணவிலே மலடாக்கும் மருந்து கலந்தனர் என்னும் பொய் கைப்பேசிதோறும் பரவிற்று. மார்ச்சுத் திங்களிற் கண்டி திகனைப் பகுதியில் முசுலிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரசாங்கம் முகநூல், வாட்சப், வைபர் ஆகியவற்றைத் தடுத்துவைத்தது. உணவிற் கண்டது மாவுக்கட்டியே, மருந்தன்று எனப் பரிசோதனையிற் றெளிந்தது. முகநூல் நிறுவனத்தார் 2020இல் வருத்தம் தெரிவித்தனர். எரிந்த கடைக்காரர்க்கு அதனாற் பயன் யாது?

சினமூட்டுஞ் செய்தி விரைந்தோடுதற்குக் காரணம், பலர் தொட்டதையே மேலும் பலர்க்குக் காட்டுமாறு அவ்வியந்திரம் அமைக்கப்பட்டிருத்தலாம். 2019இல் வாட்சப்பார் ஒரு செய்தியை ஒருமுறையில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்குமேல் அனுப்பவொண்ணாதெனக் கட்டுப்படுத்தியதும் இதுபற்றியே. யாம் பயின்ற மிசன் பாடசாலை ஆசிரியர், கோபத்தில் எழுதிய கடிதத்தை ஓரிரவு மேசையில் வைத்து மறுநாட் படித்தபின்னரே தபாலிலிடுக என்பர். அவ்வோரிரவு இன்று இல்லாதொழிந்தது. ஆதலின், “இதனைக் கண்ணாற் கண்டவர் யார்?” என்னும் வினாவையாவது வகுப்பிற் பழக்குக.

இனிப் பிறர் பிழை கூறிய யாம் எமது பிழையையும் கூறல் வேண்டும். சில ஆண்டின் முன் அன்பர் சிலர் எம் மாணாக்கர்க்குச் சப்பாத்து வழங்கினர். ஐந்தாம் வகுப்புச் சிறுமியொருத்தி அதனைக் கைநீட்டி வாங்கும் படத்தை யாமே முகநூலில் இட்டேம். நன்றி கூறினேம் என்றே எண்ணியிருந்தேம். அவள் தாய் குவைத்திலே வீட்டுவேலை செய்பவர். மூன்றாம் நாள் இரவு அழைத்தார். “சார், மாசாமாசம் காசு அனுப்புறேன். எம்புள்ள பிச்ச வாங்குற மாதிரி இங்க எல்லாரும் பாத்துட்டாங்க சார்,” என்றார். நாடோறும் மகள் முகத்தை அவர்க்குக் காட்டிவந்த அதே கருவிதான் இதனையும் காட்டியது. யாம் மறுமொழி கூறமாட்டாது நின்றேம். படத்தை அன்றே நீக்கினேம்; அதற்குள் அதனை எத்தனைபேர் எடுத்துக்கொண்டனரோ, அறியேம். சிறுமியும் இருகிழமை பள்ளிக்கு வந்திலள்.

உதவுவோர் படங் கேட்டலும் உண்மையே. படமின்றேல் அடுத்த ஆண்டு உதவி வாராதென அஞ்சும் தலைமையாசிரியரும் உளர். யாம் இப்பொழுது பொருள்களை மேசையில் அடுக்கிய படத்தையும் கையெழுத்திட்ட பற்றுச்சீட்டையுமே அனுப்புகின்றேம். ஓர் அன்பர் அதனை ஏலாது விலகினார், ஏனையோர் ஏற்றனர்.