ஓர் ஐயம், மூன்று சொற்கள்



ஆங்கிலத்தில் நாம் இலக்கணப் பிழை செய்தால் படிப்பவர் கண்டுகொள்வார், திருத்தியும் கொடுப்பார். இலக்கணம் வழுவாமல் பொருள் மட்டும் மாறிவிட்ட தொடரை எவரும் திருத்துவதில்லை. நாம் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகவே நம்பிவிடுவர். அவ்வாறு நம்மை ஏமாற்றும் ஒரு சொல்லை ஈண்டு ஆராய்வோம். நான் இயற்பியல் மாணவன், மொழிப்புலவன் அல்லன். ஆயினும், அளவைக்கு வேண்டிய துல்லியம் சொல்லுக்கும் வேண்டுமென்பது ஆய்வுக்கூடம் கற்பிக்கும் பாடம்.

அச்சொல் ‘டவுட்’. தமிழில் சந்தேகம் என்னும் ஒரு சொல் மூன்று வேலை செய்கிறது. “ஐயா, ஒரு சந்தேகம்” என்று வகுப்பில் எழுகிறோம். “அவர் வருவது சந்தேகம்” என்கிறோம். “அவன்தான் எடுத்திருப்பான் என்று சந்தேகப்படுகிறேன்” என்றும் கூறுகிறோம். ஆங்கிலத்தில் முதலாவது ‘கொஸ்சன்’, இரண்டாவது ‘டவுட்’, மூன்றாவது ‘சஸ்பெக்ட்’.

முதலாவதைத் தெளிய நம் நன்னூலே துணை. பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாக்கி, அறியா வினாவையும் ஐய வினாவையும் தனித்தனியே வைத்தார். தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. கயிறோ பாம்போ என்று இரண்டுக்கும் நடுவே நின்று கேட்பது ஐய வினா. ‘டவுட்’ என்பதன் இலத்தீன் வேரும் இரண்டு என்னும் எண்ணுப்பெயரோடு தொடர்புடையதே. வகுப்பில் நாம் கேட்பனவோ பெரும்பாலும் அறியா வினாக்கள். அவற்றுக்கு ‘ஐ ஹாவ் எ கொஸ்சன்’ என்பதே பொருந்தும். இங்கே வடநாட்டு நண்பர்களும் நம்மைப் போலவே ‘டவுட்’ என்பதால் இடர் இல்லை. மேல்படிப்புக்கு இங்கிலாந்தோ அமெரிக்காவோ செல்பவர் ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்றால், “நீர் சொன்னதில் எனக்கு நம்பிக்கை இல்லை” என்று பேராசிரியர் கொள்ளக்கூடும்.

மற்ற இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. ‘டவுட் தட்’ என்றால், அப்படி இராது என்று மனம் சாய்கிறது. ‘சஸ்பெக்ட் தட்’ என்றால், அப்படித்தான் இருக்கும் என்று சாய்கிறது. என் ஆய்வுக்கூடத் தோழர் ஒருவர், வெற்றிடக் குழாயின் இணைப்பில் கசிவு இருப்பதாக எண்ணி, ‘ஐ டவுட் தட் த ஜாயின்ட் இஸ் லீக்கிங்’ என்று வழிகாட்டிக்கு எழுதி வைத்தார். “இணைப்பில் கசிவு இராது” என்று படித்த வழிகாட்டி, கோளாற்றை வேறெங்கோ தேடச் சொன்னார். ஒரு வாரம் வீணாயிற்று. கசிவு இணைப்பிலேதான் இருந்தது!

மனிதரைப் பற்றிப் பேசும்போது இன்னும் கவனம் வேண்டும். விடுதியில் ஒரு கைக்கடிகாரம் காணாமற் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘ஐ டவுட் ஹிம்’ என்றால் அவன் பேச்சை நான் நம்பவில்லை என்பது பொருள். ‘ஐ சஸ்பெக்ட் ஹிம்’ என்றாலோ, அவன்தான் எடுத்தான் என்று கருதுவதாகப் பொருள். ஒருவன் பெயருக்கு மாசு வர ஒரு சொல் போதும்.

பழைய ஆங்கில நூல்களில் ‘ஐ டவுட்’ என்பது “அப்படித்தான் என்று அஞ்சுகிறேன்” என்னும் பொருளிலும் வரும். ஸ்காட்லாந்து மக்களின் பேச்சில் அது இன்றும் வாழ்கிறது. படிக்கும்போது நினைவில் வைப்போம், எழுதும்போது விலக்குவோம்.

ஆய்வேடு எழுதுவோர்க்கு மற்றொன்று. ‘நோ டவுட்’ என்று தொடரைத் தொடங்கினால் ஐயமே இல்லை என்று நாம் எண்ணுகிறோம். ஆங்கிலேயர் காதில் அது பெரும்பாலும் “அப்படி இருக்கலாம்” என்ற ஊகமாகவே விழும். உறுதியைச் சொல்ல ‘தேர் இஸ் நோ டவுட் தட்’ அல்லது ‘வித்தவுட் டவுட்’ என்று எழுதுக. சோதனையால் நிறுவிய முடிவை ஊகமாக்கிக் கொள்வானேன்?

இனி ஒரு சிறு பயிற்சி. இவற்றுக்குரிய ஆங்கிலச் சொல் எது?

1. மாதிரியில் மாசு கலந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன்.
2. மார்ச்சுக்குள் ஆய்வேடு முடிவது சந்தேகம்.
3. இந்தச் சமன்பாட்டை எப்படி வருவித்தார்கள்? ஒரு சந்தேகம்.

விடை: முதலாவது ‘சஸ்பெக்ட்’, இரண்டாவது ‘டவுட்’, மூன்றாவது ‘கொஸ்சன்’.

எழுதுமுன் நம்மையே தமிழில் கேட்டுக்கொள்வோம்: “இருக்கும் என்கிறேனா? இராது என்கிறேனா? தெரியாமல் கேட்கிறேனா?” விடை தெளிந்தால் ஆங்கிலச் சொல் தானே வரும். தாய்மொழியில் தெளிவாக எண்ணுபவனுக்குப் பிறமொழியும் பணி செய்யும்.