வெயிலில் குடிநீரைச் சுத்திகரித்தல்

பல ஆண்டுகளாகப் பாவனையில் இல்லாத கிணற்று நீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் குடிப்பதற்கு உகந்ததல்ல. வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி போன்ற நோய்களை உண்டாக்கும் கிருமிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்து குளோரின் இடும் வரையில், குடிக்கும் நீரை நீங்களே சுத்திகரித்துக்கொள்ள வேண்டும். விறகு போதாத வீடுகளுக்கு வெயில் உதவும்.

இது எவ்வாறு வேலை செய்கிறது?

சூரிய ஒளியில் புறஊதாக் கதிர்கள் உள்ளன. இவை கிருமிகளைச் சிதைத்து, அவை பெருக முடியாமல் செய்கின்றன. நீர் சூடாகும்போது இச்செயல் விரைவாகும். 1980களில் லெபனானில் பேராசிரியர் அப்திம் அக்ரா இம்முறையை ஆராய்ந்தார். 1991 முதல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள் இதனை மேலும் பரிசோதித்தனர். இன்று பல நாடுகளில் வீடுகளில் இது பயன்படுகிறது.

தேவையானவை

நிறமற்ற, தெளிவான பிளாஸ்டிக் குளிர்பானப் போத்தல்கள் போதும். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற இலக்கம் இருக்க வேண்டும். 2 லீற்றருக்கு மேற்பட்ட போத்தல் வேண்டாம். ஆழமான நீருக்குள் கதிர் சரியாக இறங்காது. கீறல் விழுந்து மங்கியவற்றை மாற்றவும். கிருமிநாசினி, மண்ணெண்ணெய் இருந்த போத்தல்களை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம்.

செய்முறை

1. போத்தலையும் மூடியையும் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஒட்டியுள்ள தாளை அகற்றவும்.

2. நீரைத் தெளியவிட்டு, நாலாக மடித்த சுத்தமான பருத்தித் துணியால் வடிக்கவும்.

3. முக்கால் பங்கு நிரப்பி, மூடி, 20 விநாடிகள் குலுக்கவும். நீரில் கலக்கும் ஒட்சிசன் கிருமிகளை அழிக்க உதவும். பின்னர் முழுவதும் நிரப்பி இறுக மூடவும்.

4. நிரப்பிய போத்தலைப் பத்திரிகையின் பெரிய தலைப்பின் மேல் நிமிர்த்தி வைத்து, வாய்ப்பக்கமாகக் கீழே பார்க்கவும். எழுத்து தெரியாவிட்டால் நீர் கலங்கல். மீண்டும் தெளியவிட்டு வடிக்கவும்.

5. நிழல் விழாத இடத்தில், தகரத்தின் மேல் போத்தலைப் படுக்க வைக்கவும். காலை 9 மணி தொடக்கம் பிற்பகல் 3 மணி வரை, 6 மணித்தியாலங்கள் வெயில் பட வேண்டும்.

6. வானத்தில் பாதிக்கு மேல் முகில் மூடியிருந்தால் தொடர்ந்து இரண்டு நாட்கள் வைக்கவும்.

மாரியில் விடாமல் மழை பெய்யும் நாட்களில் இம்முறை பயன்படாது. அந்நாட்களில் நீரைத் தளதளவென்று குறைந்தது 1 நிமிடம் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்கவும்.

சுத்திகரித்த பின்

நீரை அதே போத்தலில் நிழலில் வைத்து, ஒரு நாளுக்குள் குடித்து முடிக்கவும். குடத்துக்கு மாற்றிக் கையோ கோப்பையோ விட்டு அள்ளினால் மீண்டும் கிருமி சேரும். சுத்தமான கோப்பையில் ஊற்றிக் குடிக்கவும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 1½ லீற்றர் போத்தல்கள் இருபது இருந்தால் நல்லது: பத்து வெயிலில், பத்து பாவனையில். எவை சுத்திகரித்தவை என்பதை வீட்டிலுள்ள எல்லோருக்கும், விசேடமாகப் பிள்ளைகளுக்கு, சொல்லி வைக்கவும்.

வெயிலால் செய்ய முடியாதவை

உவர்த்தன்மை, உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று, புளோரைட்டு, எண்ணெய், கிருமிநாசினி ஆகியவற்றை வெயில் நீக்காது; கொதிக்க வைத்தாலும் நீங்காது. நீரில் எண்ணெய்ப் படலமோ மணமோ இருந்தால், அல்லது கிணற்றுக்குள் விலங்கு இறந்து கிடந்தால், அந்நீரைக் குடிக்காமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கவும். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்படாத காணியிலுள்ள கிணற்றுக்குப் போக வேண்டாம்.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர் வேண்டாம். பிள்ளைக்கு வயிற்றோட்டம் ஏற்பட்டால் கொதித்தாறிய நீரில் ஜீவனி கரைத்துக் கொடுத்து, தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவும்.