ஃபீஸ் ரசீதும் வரிக் கழிவும்: அக்கா சொல்றேன், கேட்டுக்கோ!

கண்ணு, காலேஜ்ல கட்டின பணத்துக்கு வருமான வரியில கழிவு உண்டான்னு கேட்டியே. உண்டு, ஆனா அது உனக்கில்ல. சம்பாதிச்சுக் கட்டுற அப்பா அம்மாவுக்கு.

மொதல்ல அப்பா வரி கட்டுறது பழைய முறையா, புதிய முறையான்னு கேளு. ஒண்ணும் சொல்லாம விட்டா புதிய முறைதான். அதுல ஃபீஸுக்கும் கழிவில்ல, கல்விக்கடன் வட்டிக்கும் இல்ல. ஆனா 2025-26 கணக்குல சம்பளம் 12.75 லட்சம் வரைக்கும் அங்க வரியே வராது. அதுக்குள்ள இருந்தா ரசீதை பீரோவுல வச்சுட்டு வேற வேலையைப் பாருங்க.

பழைய முறைன்னா வருமான வரிச் சட்டத்தோட 80-சி பிரிவு. இந்தியாவுக்குள்ள முழுநேரப் படிப்பு, ஒருத்தருக்கு ரெண்டு பிள்ளைங்க வரைக்கும். அப்பா ரெண்டு, அம்மா ரெண்டுன்னு தனித்தனியா காட்டலாம். டியூஷன் ஃபீஸ் மட்டும்தான் கணக்கு. ஹாஸ்டல், மெஸ், பஸ், டெவலப்மென்ட் ஃபீஸ், நன்கொடை எதுவும் சேராது. திருச்செங்கோடு, ராசிபுரம்னு ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற பிள்ளைங்களுக்கு இதுதான் பெரிய அடி. மொத்தமா ஒரே தொகை போட்ட ரசீது குடுத்தா வாங்காதே, ‘பிரிச்சுப் போட்டுக் குடுங்க’ன்னு அப்பவே கேளு. பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் சேர்ந்துதான் ஒன்றரை லட்சம் உச்சவரம்பு. அது ஏற்கெனவே நிறைஞ்சிருந்தா ஃபீஸ் காட்டி ஒரு ரூபா பிரயோஜனமில்ல.

பண்ணை வச்சிருக்கற சித்தப்பாவும் இந்தக் கழிவைக் கேட்டா சொல்லு: கோழிப்பண்ணை வருமானத்தை விவசாயக் கணக்குல சேர்க்க முடியாது, அது தொழில் வருமானம். பண்ணை, லாரி வச்சிருக்கறவங்க பழைய முறைக்குப் போகணும்னா கெடு தேதிக்குள்ள 10-ஐ.இ.ஏ. படிவம் குடுக்கணும். சம்பளக்காரங்க மாதிரி வருஷா வருஷம் மாத்திக்க முடியாது.

கடன் வாங்கிப் படிச்சா 80-இ பிரிவு. இதுவும் பழைய முறையிலதான். வட்டிக்கு உச்சவரம்பே இல்ல, ஒன்றரை லட்சத்துக்குள்ளயும் வராது. அசலுக்குக் கிடையாது. பேங்க், அரசு அங்கீகரிச்ச நிறுவனக் கடனா இருக்கணும். தெரிஞ்ச ஃபைனான்ஸ்காரர்கிட்டயோ மாமாகிட்டயோ வாங்கினது செல்லாது. கடன் யார் பேர்ல இருக்கோ, அவங்க தங்களோட வருமானத்துல கட்டினாத்தான் கழிவு. தனக்கு, கணவன் மனைவிக்கு, பிள்ளைங்களுக்கு, சட்டப்படி காப்பாளரா இருக்கற மாணவருக்கு வாங்கினா சரி. கூடப்பிறந்தவங்க அந்தப் பட்டியல்லயே இல்ல! உன் கடனை நானே கட்டினாலும் என் கணக்குல காட்ட வழியில்ல. சட்டம் எழுதினவங்களுக்கு அக்கா இல்ல போல.

வட்டி கட்ட ஆரம்பிச்ச வருஷத்துல இருந்து எட்டு வருஷம்தான் இந்தச் சலுகை. மார்ச் முடிஞ்சதும் பேங்க்ல அசல் தனி, வட்டி தனின்னு சான்றிதழ் வாங்கி ஆடிட்டர்கிட்ட குடுத்துரு.