மலையேற ஏற்ற கிராங்க் எது?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சைக்கிளில் ஏற ஆசையா? கால் வலுவை நொந்துகொள்ளும் முன் பெடலோடு சுழலும் கிராங்க் சக்கரத்தின் பற்களை எண்ணிப் பாருங்கள். பழைய ரேஸ் சைக்கிள்களில் பெரும்பாலும் 53/39 இருக்கும்; அதாவது பெரிய சக்கரத்தில் 53 பல், சிறியதில் 39 பல். சமவெளிக்கு அருமை, செங்குத்து ஏற்றத்துக்கு ஆகாது. முன்னால் 39, பின்னால் 28 பல் என்றால், பெடலின் ஒரு முழுச் சுற்றுக்குச் சைக்கிளை ஏறக்குறைய 2.9 மீட்டர் தள்ள வேண்டும். முன்னும் பின்னும் 34 என்றால் 2.1 மீட்டர்தான். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம் வரும், முழங்காலும் தப்பிக்கும்.

வாங்கும் முன் முக்கியமான ஒன்று: கிராங்கின் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம். ஐந்து போல்ட் கிராங்கில் அது 130 மி.மீ. என்றால் 38 பல்லுக்குக் குறைந்த சக்கரம் பொருந்தாது. கிராங்கையே மாற்ற வேண்டும். 110 மி.மீ. என்றால் 34 போடலாம்.

செலவு கட்டுப்படியாகாவிட்டால் முதலில் பின் பற்சக்கரத் தொகுதியான கேசட்டை மட்டும் மாற்றுங்கள். செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பின் டீரெய்லர் அதற்கு ஈடுகொடுக்குமா, செயின் நீளம் போதுமா என்று மெக்கானிக்கிடம் கட்டாயம் கேளுங்கள். செயின் குட்டையாக இருந்து, முன்னும் பின்னும் பெரிய சக்கரத்தில் விழுந்தால் டீரெய்லரே முறிந்துவிடக்கூடும்.