பாலித் தீவின் நீர்க்கோயில்கள்

கேள்வி: மதச் சடங்குகளால் சுற்றுச்சூழலுக்கு உண்மையில் பயன் உண்டா?

பதில்: இந்தோனேசியாவின் பாலித் தீவில் அதற்குத் தெளிவான சான்று உண்டு. அங்கே ஒரே வாய்க்காலில் பாசனம் பெறும் நெல் விவசாயிகளின் சங்கத்துக்கு ‘சுபக்’ என்று பெயர். சுமார் ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்ட ஏற்பாடு இது. ஒவ்வொரு சுபக்குக்கும் கோயில் உண்டு. பாத்தூர் ஏரியின் தெய்வமான தேவி தனுவின் கோயில் இவற்றுக்கெல்லாம் தலைமை.

எந்தச் சுபக் எப்போது நடவு செய்வது, எப்போது வயலைத் தரிசாக விடுவது என்பதைக் கோயில்களில் கூடிப் பேசி, சடங்கு நாட்காட்டியின்படி முடிவு செய்கிறார்கள். முறைவைத்து நடுவதால் தலைமடைக்கும் கடைமடைக்கும் தண்ணீர் கிடைக்கிறது. அக்கம்பக்கத்து வயல்கள் ஒரே சமயத்தில் தரிசாகக் கிடப்பதால் பூச்சிகள் இரையின்றி மடிகின்றன.

1970-களில் பசுமைப் புரட்சி வந்தது. குறுகிய கால ரகங்களை ஓயாமல் பயிரிடும்படி அரசு வலியுறுத்தியது. முறை குலைந்தது, புகையான் பூச்சியும் துங்ரோ நோயும் பயிரை அழித்தன. மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து உருவாக்கிய கணினி மாதிரி, கோயில் முறையின் பலனை உறுதிப்படுத்தியது. 2012-இல் யுனெஸ்கோ சுபக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சடங்கு மட்டுமே பயிரைக் காக்கவில்லை. அது கட்டிக்காத்த கூட்டுக் கட்டுப்பாடுதான் காத்தது. இன்று சுற்றுலா விடுதிகள் வயல்களை விழுங்கிவருவதே சுபக்குக்குப் பெரிய ஆபத்து.