வீட்டுக் கல்வியும் வியாபார அமானிதமும்

தொழுகையின் ஷர்த்துகளையும் நோன்பின் சட்டங்களையும் தேடிப் படிக்கும் நாம், கொடுக்கல் வாங்கலின் சட்டங்களை அந்த அளவுக்குத் தேடிப் படிப்பதில்லை. மார்க்க விளக்கம் பெற்றவரே நம் அங்காடியில் வியாபாரம் செய்ய வேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் வற்புறுத்தியதாக அறிவிப்பு இருக்கிறது. கடை வைத்திருப்பவருக்கு மட்டும் உரிய உத்தரவு அன்று இது. வீட்டின் ஒரு மூலையில் நான்கு பெட்டிச் சரக்கை அடுக்கி வைத்து விற்பவருக்கும் இது பொருந்தும்.

இந்தப் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொள்ளும் வியாபாரம் அமெரிக்காவைச் சேர்ந்தது. அங்கே தம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் ஏராளம். முஸ்லிம் குடும்பங்களும் அவற்றில் உண்டு. அக்குடும்பங்களுக்கு வேண்டிய கணக்குப் பயிற்சி நூல், அரபி எழுத்துப் பயிற்சி ஏடு, விஞ்ஞானச் சோதனைப் பெட்டி ஆகியவற்றை வீட்டிலிருந்தே தயாரித்து விற்கும் சிறு வியாபாரிகளும் உண்டு. இவர்கள் தம் சரக்கை எப்படி எடுத்துச் சொல்ல வேண்டும்? எதைச் சொல்லக்கூடாது? இதுவே இன்றைய பாடம்.

வாங்குபவர் யார்?

வியாபாரி முதலில் தன் எதிரில் நிற்பவரை அறிய வேண்டும். 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஆமிஷ் கிறிஸ்தவப் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1977-ல் ஜான் ஹோல்ட் என்ற கல்வியாளர் வீட்டுக் கல்விக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். 1993-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டத்துக்கு உட்பட்டதாயிற்று. அரசாங்கக் கணக்கின்படி 1999-ல் சுமார் 8,50,000 பிள்ளைகள் வீட்டில் கற்றனர். 2016-ல் அது சுமார் 17 லட்சம். 2020-ல் கொரோனா நோய் பரவியபோது, பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் வீட்டுக் கல்வியை மேற்கொண்டவை வசந்த காலத்தில் 5.4 சதவீதம் என்றும், அவ்வாண்டு அக்டோபர் வாக்கில் 11.1 சதவீதம் என்றும் அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்குத் துறை தெரிவித்தது. கறுப்பின மக்களின் குடும்பங்களில் இதே காலத்தில் 3.3 சதவீதம் 16.1 ஆக உயர்ந்தது.

ஆகவே இவர்கள் எல்லாரும் ஒரே வகையினர் என்று எண்ணலாகாது. மார்க்கப் பற்றினால் வந்தவர் ஒருவர். பிள்ளையின் உடல்நலம் கருதி வந்தவர் ஒருவர். பள்ளியில் பிள்ளை பட்ட துன்பத்தினால் வந்தவர் இன்னொருவர்.

சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். டெக்ஸாஸ் மாநிலத்தில் வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை ஆகிய ஐந்தையும் முறையாகக் கற்பித்தால் போதும். நியூயார்க்கிலோ பெற்றோர் ஆண்டுதோறும் முன்னறிவிப்புக் கொடுத்து, பாடத்திட்டமும் பயன்படுத்தும் நூல்களின் விவரமும் எழுதித் தந்து, ஆண்டுக்கு நான்கு முறை அறிக்கை அனுப்ப வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாத வியாபாரி, தெரிந்தோ தெரியாமலோ பொய் சொல்லிவிடுவார்.

இன்னொன்றையும் மனத்திற் கொள்ள வேண்டும். இக்குடும்பங்கள் பலவற்றில் தாயோ தந்தையோ வேலையை விட்டுவிட்டு, ஒருவர் வருமானத்தில் வீடு நடக்கிறது. அவர்கள் வாங்கும் ஏடு மூத்த பிள்ளைக்குப் பின் இளைய பிள்ளைக்கும் உதவ வேண்டும். பிறகு அதைக் கைமாற்றி விற்று அடுத்த ஏட்டை வாங்குவோரும் உண்டு. பல குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டு வகுப்பில் ஒரு தாய் சொல்லும் சொல்லுக்கு, நூறு விளம்பரத்துக்கு இல்லாத மதிப்பு உண்டு.

பாடம் 1: ஆலோசனையும் அமானிதமே

வளையல் வாங்க வருபவர் விலையைக் கேட்பார். வீட்டுக் கல்விக்கு நூல் வாங்க வரும் தாயோ, “என் மகனுக்கு எட்டு வயது; இன்னும் சரளமாக வாசிக்க வரவில்லை; இந்த ஏடு அவனுக்குச் சரியாக இருக்குமா?” என்று கேட்கிறார். அவர் கேட்பது ஆலோசனை. அந்த நொடியில் வியாபாரி ஆலோசகராகவும் ஆகிவிடுகிறார். ஆலோசனை கேட்கப்படுபவரிடம் அமானிதம் ஒப்படைக்கப்படுகிறது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை.

அந்த ஏடு சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கென எழுதப்பட்டதாயின், “அம்மா, இது இப்போது உங்கள் மகனுக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட வேண்டும். இருபது டாலர் கை நழுவிப் போகலாம். ஆனால், கொடுத்த பணத்தைத் திருப்பித் தர முடியும். பொருந்தாத ஏட்டோடு போராடி அந்தப் பிள்ளை இழந்த ஓர் ஆண்டைத் திருப்பித் தர எந்த வியாபாரியாலும் முடியாது. இந்த வியாபாரத்தின் பாரம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் தொழுகை, ஜகாத் ஆகியவற்றோடு, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாகவும் நாயகம் (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்தார்கள். தொழுகையோடு சேர்த்து உறுதிமொழி வாங்கப்பட்ட விஷயம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். வாங்க வருபவர் முஸ்லிம் அல்லாதவராயினும், அவரை ஏமாற்ற ஷரீஅத் நமக்கு எந்த அனுமதியும் தரவில்லை.

பாடம் 2: ஈரத்தை மேலே வையுங்கள்

நாயகம் (ஸல்) அவர்கள் அங்காடியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். இந்த ஹதீஸ் முஸ்லிம் நூலில் இடம்பெற்றுள்ளது. மழை அந்த வியாபாரியின் குற்றம் அன்று. ஈரத்தை மறைத்ததே குற்றம்.

ஒவ்வொரு சரக்கிலும் ஓர் ஈரம் இருக்கும். நாள்தோறும் தாய் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தாலொழிய நடக்காத பாடமாக இருக்கலாம். ஒருமுறை எழுதினால் தீர்ந்துபோகும் ஏடாக இருக்கலாம். விடைக் குறிப்பைத் தனியாக வாங்க வேண்டியிருக்கலாம். இவற்றை விலைக்குப் பக்கத்திலேயே எழுதி வைப்பதுதான் ஈரத்தை மேலே வைப்பது. “எல்லா மாநிலங்களும் ஒப்புக்கொண்டது” என்று போடுவதோ, “இது இல்லாவிட்டால் உங்கள் பிள்ளை பின்தங்கிவிடும்” என்று புதிதாகத் தொடங்கிய தாயின் அச்சத்தைக் காசாக்குவதோ, ஈரத் தானியத்தின் மேல் உலர்ந்ததைத் தூவுவது போன்றதாகும்.

துணி வியாபாரியாக இருந்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், பழுதுள்ள துணியின் குறையைச் சொல்லியே விற்குமாறு தம் கூட்டாளியிடம் கூறியிருந்தார்கள். கூட்டாளி மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்த விற்பனைப் பணத்தைத் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றில் காண்கிறோம். மறதியால் நேர்ந்ததற்கே அப்படியென்றால், வேண்டுமென்றே மறைப்பதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

பாடம் 3: பொய்ப் புகழ்ச்சி என்னும் நஜ்ஷ்

வாங்கும் எண்ணம் சிறிதும் இல்லாமல், பிறரை ஏமாற்றி விலையை ஏற்றுவதற்காகவே ஏலம் கேட்பதற்கு நஜ்ஷ் என்று பெயர். இதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். சரக்கைப் பொய்யாகப் புகழ்ந்து ஆசை மூட்டுவதையும் உலமாக்கள் இதனோடு சேர்த்துப் பேசியிருக்கிறார்கள்.

இன்றைய நஜ்ஷ் இன்டர்நெட்டில் நடக்கிறது. மச்சினியும் தோழியும் வேறு பெயரில் “என் பிள்ளை மூன்றே வாரத்தில் வாசிக்கக் கற்றுவிட்டான்” என்று எழுதுகிறார்கள். நல்லபடி எழுதுபவருக்கு மட்டும் பரிசு என்று வியாபாரி அறிவிக்கிறார். இத்தகைய பொய் மதிப்புரைகளை எழுதுவதையும் விலைக்கு வாங்குவதையும் தடுத்து அமெரிக்க மத்திய வணிக ஆணையம் பிறப்பித்த விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டுச் சட்டம் அண்மையில் எழுதிவைத்ததை, ஷரீஅத் மதீனத்து அங்காடியிலேயே சொல்லிவிட்டது!

ஒரு தாய்க்கு ஏட்டை இலவசமாகக் கொடுத்து, “நல்லதோ கெட்டதோ, கண்டதை எழுதுங்கள், இலவசமாகக் கிடைத்தது என்பதையும் எழுதுங்கள்” என்று கேட்பது குற்றமாகாது. உண்மை மறைக்கப்படும் இடத்தில்தான் குற்றம் நுழைகிறது.

பாடம் 4: பெயர்ப் பட்டியலும் பிள்ளைகளும்

கூட்டு வகுப்பு நடத்தும் தாய்மார்கள் தங்களுக்குள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருப்பார்கள். வியாபாரியின் மனைவியும் அதில் தாயாகச் சேர்ந்திருக்கலாம். அந்த உறவைக் கொண்டு எல்லா எண்களையும் எடுத்து விளம்பரம் அனுப்புவது கூடுமா? அந்த எண்கள் ஒரு காரியத்துக்காகத் தரப்பட்டவை. வேறு காரியத்துக்கு எடுத்தால் அமானிதத்துக்கு மோசம் செய்ததாகும். குழுவை நடத்துபவரிடம் அனுமதி கேட்டு, “இது என் சொந்த வியாபாரம்” என்று சொல்லி, ஒருமுறை அறிவிப்பதே முறை.

பிள்ளைகளின் தகவல் இன்னும் கடுமையான அமானிதம். பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடமிருந்து இன்டர்நெட் மூலம் சொந்த விவரங்களைத் திரட்டுவதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று அமெரிக்காவில் 1998-ல் இயற்றிய சட்டம் இருக்கிறது. பிள்ளையின் படத்தை விளம்பரத்தில் போடுவதற்கு முன்பும் பெற்றோரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாடம் 5: அரசுப் பணமும் பொய்ப் பில்லும்

சில மாநிலங்கள் கல்விச் செலவுக்கென்று பெற்றோர் கணக்கில் பணம் தருகின்றன. அரிசோனாவில் 2011-ல் சிலருக்கென்று தொடங்கிய இத்திட்டம் 2022-ல் எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. இதனால் வியாபாரிக்கு ஒரு புதிய வாசலும் திறந்தது. ஒரு புதிய சோதனையும் வந்தது. “விளையாட்டுச் சாமானைக் கல்விச் சாமான் என்று பில்லில் போடுங்கள்” என்று ஒருவர் கேட்கலாம். “அரசுப் பணம்தானே, விலையைக் கூட்டிப் போடுவோம்” என்று வியாபாரியின் நஃப்ஸும் சொல்லலாம். பொய்ப் பில் எழுதுவது பொய்ச் சாட்சியத்தின் இனத்தைச் சேர்ந்தது. கேட்பவர் நெருங்கிய உறவினராயினும் மறுத்துவிட வேண்டும்.

பாடம் 6: முன்பணமும் திருப்பி எடுத்தலும்

கோடையில் பெற்றோர் அடுத்த ஆண்டுக்கான நூல்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அச்சுக்குப் போகாத ஏட்டுக்கு அப்போதே முன்பணம் வாங்கும் வழக்கம் இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது மக்கள் பேரீச்சங்கனிக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து வந்தார்கள். அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்கட்டும் என்று அவர்கள் அதை ஒழுங்குபடுத்தினார்கள். இதுவே ஸலம் என்னும் ஒப்பந்தம். ஆகவே பக்கம் எத்தனை, எந்த வகை ஏடு, எத்தனை பிரதி, எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பவற்றை எழுதாமல் முன்பணம் வாங்கலாகாது. மத்ஹபுகளில் உள்ள நுட்பங்களைத் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளவும்.

குறை இருந்தால் திருப்பித் தருவது வாங்கியவரின் உரிமை. குறையே இல்லாமல், “பிள்ளைக்கு ஒத்துவரவில்லை” என்று வருந்தி வருபவரிடமும் சரக்கை ஏற்றுப் பணத்தைத் தருவதற்கு இகாலா என்று பெயர். அதற்கு மறுமையில் பெரும் நன்மை வாக்களிக்கப்பட்டுள்ளது. எத்தனை நாளைக்குள் திருப்பலாம் என்பதை விற்கும் போதே சொல்லிவிட்டால் பிற்பாடு மனத்தாங்கல் வராது.

அப்படியானால் விளம்பரமே கூடாதா?

தாராளமாகச் செய்யலாம். உள்ளதை உள்ளபடி அறிவிப்பது வாங்குபவருக்கும் உதவி. கீழ்க்கண்டவை ஆகுமான வழிகள்:

1. முதல் வாரப் பாடம் முழுவதையும் இலவசமாகப் படித்துப் பார்க்கக் கொடுப்பது.

2. பாட அட்டவணையையும் நூல் விவரத்தையும் ஒரே தாளில் அச்சிட்டுத் தருவது. நியூயார்க் போன்ற மாநிலத்தில் திட்டம் எழுதித் தர வேண்டிய தாய்க்கு இது பெரிய உபகாரம்.

3. நூல் நிலையத்திலோ பள்ளிவாசல் கூடத்திலோ அனுமதி பெற்று ஒரு வகுப்பை இலவசமாக நடத்திக் காட்டுவது.

4. கூட்டு வகுப்பினர் சேர்ந்து வாங்கினால் விலையைக் குறைப்பது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் வேண்டுமாயினும் பயன்படுத்த அனுமதி தருவது.

5. யாருக்குப் பொருந்தும் என்பதோடு யாருக்குப் பொருந்தாது என்பதையும் விளம்பரத்திலேயே எழுதுவது.

இவ்வாறு நடப்பவருக்கு முதல் ஆண்டில் விற்பனை குறைவாக இருக்கக்கூடும். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள நபிமொழியின் கருத்து. பரக்கத் என்பது பெட்டியில் விழும் காசின் எண்ணிக்கை மட்டும் அன்று என்பதை ஈமான் உள்ளவர் அறிவார்.

பாடத்தைச் சரிபார்க்க: ஆலோசனை கேட்கப்பட்ட வியாபாரியின் கடமை என்ன? நஜ்ஷ் என்றால் என்ன? நாம் விற்கும் சரக்கின் ஈரம் எது? முதலிரண்டு கேள்விகளுக்கும் விடை மேலே இருக்கிறது. மூன்றாவதற்கு, ஒவ்வொருவரும் தத்தம் சரக்கைக் கையிலெடுத்துப் பார்த்து விடை காண வேண்டும்.

பிள்ளைகளின் கல்வியைத் தொட்டு நடக்கும் நம் கொடுக்கல் வாங்கலில் பொய்யை விட்டும் மோசடியை விட்டும் வல்ல நாயன் நம்மைக் காத்தருள்வானாக! ஆமீன்.